வீட்டில் செய்த மூளை அலைமானி: குமரிக் கடற்கரையில் எது தாங்கும், எது தாங்காது

மூளையின் மின் அலையைத் தலைமேலிருந்து பதிவு செய்யும் இந்தக் கருவியில் சர்க்யூட் பழுதாவது அபூர்வம். மக்கர் செய்வதெல்லாம் எலக்ட்ரோடுதான், அதாவது தலையில் ஒட்டும் உலோகத் தகடு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று அடிக்கிற வீடுகளில் அது இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

முதல் கட்டத்துக்கு, சின்ன சிக்னலைப் பெருக்கும் ஏடி620 ஐசி. பெருக்கத்தை முடிவு செய்யும் கெயின் தடை 560 ஓம் என்றால் பெருக்கம் சுமார் 89. ஆசைப்பட்டு அதை 500 ஆக்கினால், எலக்ட்ரோடுகளுக்கு இடையே உள்ள பத்து, இருபது மில்லி வோல்ட் வித்தியாசமே ஐசியின் வெளியீட்டை உச்ச வரம்பில் முட்டவைத்துவிடும். அடுத்து 1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர், 330 கிலோ ஓம் தடை. அரை ஹெர்ட்ஸுக்குக் கீழான நகர்வு இங்கே குறையும். பிறகு டிஎல்072 என்ற இரண்டாவது பெருக்கி ஐசியில் 101 மடங்கு. தலைமேல் 50 மைக்ரோ வோல்ட் இருந்தால் அலையை எண்ணாக மாற்றும் ஆர்டுயினோ போர்டுக்கு 0.45 வோல்ட் போகும், அது போதும். வெளியீட்டை 2.5 வோல்ட்டில் ஏற்றி, 10 கிலோ ஓம் தடையும் இரண்டு 1என்4148 டயோடும் போடுங்கள். இல்லாவிட்டால் ஆர்டுயினோ பின் போய்விடும்.

எல்லாமே பேட்டரியில் ஓட வேண்டும். கரண்டில் ஓடும் கம்ப்யூட்டரோடு யூஎஸ்பி வயரால் இணைக்கவே கூடாது, அது உயிர் விஷயம். அலையை அனுப்ப எச்.சி-05 ப்ளூடூத் போதும்.

இனி எலக்ட்ரோடு. சுத்த வெள்ளித் தகட்டை ப்ளீச்சில் கருஞ்சாம்பல் நிறம் வரும்வரை ஊறவைத்துக் கழுவினால் சில்வர் குளோரைடு படிந்துவிடும். வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தை எபாக்சியால் முழுக்க மூடுங்கள். தோலுக்கும் தகட்டுக்கும் நடுவே தடவும் மின்கடத்தும் பேஸ்ட் அங்கே இறங்கினால் செம்பும் ஈயமும் வெள்ளியும் சேர்ந்து குட்டி பேட்டரி ஆகும். திரையில் கோடு மேலும் கீழும் அலையும், மழைக்காலத்தில் பச்சை பூக்கும். ஜோடியில் ஒன்று போனால் இரண்டையும் மாற்றுவதே நல்லது. மல்டிமீட்டரின் ஓம் நிலையில் வைத்துச் சோதிக்காதீர்கள், அதன் நேர்மின்னோட்டம் பூச்சைக் கெடுக்கும்.

நம்மூர்த் தலைக்கு இன்னொரு பகை தேங்காய் எண்ணெய். ஷாம்பு போட்டு அலசி, முடியை வகிர்ந்து, தோலை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே பேஸ்ட். ஒரு எலக்ட்ரோடு பின்மண்டை மேட்டுக்கு இரண்டு விரல் மேலே, ஒன்று காது மடலில், சர்க்யூட்டின் கிரவுண்ட் எலக்ட்ரோடு (வீட்டு எர்த் அல்ல) நெற்றியில். மூன்று வயரையும் முறுக்கிவிடுங்கள். ஃபேன் காற்றில் ஆடினாலே அலை வரும்.

கரண்ட் போய் சதுர அலை இன்வெர்ட்டர் ஓடும்போதுதான் பெரிய ஏமாற்று. நொடிக்கு 250 மாதிரி (அளவீடு) எடுத்தால், 250 ஹெர்ட்ஸ் இரைச்சல் சுழியத்துக்கு மடங்கி மூளையின் மெதுவான டெல்டா அலைபோல வேஷம் போடும். 50 ஹெர்ட்ஸ் வடிகட்டி அதைத் தொடாது. 500 மாதிரி எடுத்துப் பிறகு மென்பொருளில் வடிகட்டினால் சரியாகும்.

சோதனை ஒன்றுதான்: கண்ணை மூடினால் 10 ஹெர்ட்ஸ் அருகே ஆல்பா என்ற மூளை அலை எழும்ப வேண்டும், திறந்தால் அடங்க வேண்டும். மனித மூளை அலையை முதலில் பதிவு செய்த ஜெர்மன் டாக்டர் ஹான்ஸ் பெர்கர் எழுதியதும் இதைத்தான். கண் மூடினாலும் திறந்தாலும் மாறாத அலை மூளையுடையது என்று நம்பாதீர்கள். தாடையை இறுக்கினால் வருவது தசையின் அலை. ஒற்றைச் சேனலை வைத்துக்கொண்டு வலிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் வேண்டாம். அதற்கு நரம்பியல் டாக்டரிடம் போங்கள்.