கூட்டு ஒப்பந்தமா, சம்பள நிர்ணய சபையா?

இலங்கையின் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் நீண்ட காலம் கூட்டு ஒப்பந்தத்தில்தான் முடிவானது. முதலாளிமார் சம்மேளனமும் சில தொழிற்சங்கங்களும் பேசிக் கையெழுத்திடும். மலையகமே 1000 ரூபா கேட்டுப் போராடியும், 2019 ஒப்பந்தத்தில் கிடைத்த அடிப்படைச் சம்பளம் 700 ரூபாதான்.

அந்த 1000 ரூபா 2021இல், குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கச் சட்டப்படி அமைந்த சம்பள நிர்ணய சபை வழியாகத்தான் வந்தது. வர்த்தமானியில் (அரசிதழில்) வெளியானதால் அது சட்டம்; எந்தச் சங்கத்திலும் இல்லாதவருக்கும் பொருந்தும்.

சரி, அப்போ சபையே போதுமா? போதாது என்றுதான் நினைக்கிறேன். சபை முக்கியமாகச் சொல்வது குறைந்தபட்சச் சம்பளத்தைத்தான். ஒரு நாளுக்கு எத்தனை கிலோ தேயிலைக் கொழுந்து பறிக்க வேண்டும், மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதையெல்லாம் எதிரே உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். 1000 ரூபா வந்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அப்புறம் கிலோ அளவைக் கூட்டிவிட்டார்கள் என்ற முறைப்பாடு பல தோட்டங்களில் எழுந்தது. அந்த அளவு எட்டாவிட்டால் அரைப்பெயர்தான். நாள் முழுக்க மலையேறிய பெண்ணுக்குப் பாதிச் சம்பளம். இது அநியாயம்.

சம்பளத்துக்குச் சபை இருக்கட்டும். கிலோவுக்கு ஒப்பந்தம் திரும்ப வர வேண்டும், அந்த மேசையில் கொழுந்து பறிக்கும் பெண்களும் உட்கார வேண்டும்.