ஆதார் இல்லாத கிடைக்காரருக்கு வங்கிக் கணக்கு: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, இதில் ஒன்றுகூட இல்லாத ஆளுக்கும் வங்கியில் கணக்குத் திறக்க முடியும். ஸ்மால் அக்கவுண்ட் என்று பெயர், தமிழில் சிறு கணக்கு. ரிசர்வ் வங்கி விதியிலேயே இருக்கிறது, யாரும் தயவு பண்ண வேண்டியதில்லை. ஆனால் விதியில் இருப்பது கவுண்டருக்கு வந்து சேருவதற்குள் நம் பொறுமை போய்விடும், அதனால்தான் ஐந்து கொடுக்க மனசு வரவில்லை.

யாருக்காகப் போனேன் என்றால், எங்கள் வயலில் கிடை போடுகிறவருக்காக. நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: சம்பா அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் சீமையிலிருந்து செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள், ராத்திரி நம் வயலில் ஆடுகளை அடைப்பார்கள், நமக்கு எரு, அவர்களுக்குக் கூலி. மேட்டூர் திறந்து தண்ணீர் வருகிற வரைக்கும் இந்தப் பக்கம்தான் இருப்பார்கள். இவர் சின்னப் பையனாகவே ஆட்டோடு வந்தவர், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அண்ணன் குடும்பத்துப் பழைய ரேஷன் கார்டில் பேர் இருந்திருக்கிறது, 2017இல் ஸ்மார்ட் கார்டாக மாற்றியபோது ஆதார் எண் கேட்டார்கள், இவர் ஊரில் இல்லை, பேர் விட்டுப்போய்விட்டது. ஆக, இப்படி ஒரு மனிதர் இருக்கிறார் என்று காட்ட ஒரு காகிதமும் இல்லை. கூலியையும் ஆடு விற்ற பணத்தையும் எங்கள் அப்பாவிடமும் இன்னும் சில பண்ணை வீடுகளிலும் கொடுத்து வைப்பார். வட்டி கிடையாது, ரசீது கிடையாது, எல்லாம் நம்பிக்கைதான். அப்பாவுக்கு வயதாகிறது, கணக்கு ஞாபகம் இருப்பதில்லை, அதுதான் எனக்குப் பயம்.

முதலில் போன கிளையின் பெயரை எழுதவில்லை. கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமலேயே "ஆதார் எடுத்துட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார். இல்லாததால்தானே வந்திருக்கிறோம் என்றால், "அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்க, சிஸ்டம் எடுக்காது." சிஸ்டம் எடுக்கும். வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்தே ஆகவேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே தள்ளிவிட்டது. அடையாள ஆவணமே இல்லாதவருக்குத்தான் சிறு கணக்கு. இதையெல்லாம் அங்கே நின்று விளக்கினால் பின்னாடி வரிசையில் நிற்பவர்கள் நம்மைத்தான் முறைக்கிறார்கள். எழுதித் தாருங்கள் என்று கேட்டேன், அதற்கும் சிரிப்புதான்.

இன்னொரு வங்கி, வேறு ஊர்க் கிளை. அங்கே மேனேஜர் அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கேட்டது ஒரே ஒரு போட்டோ. படிவத்தில் போட்டோவை ஒட்டி, கிடைக்காரரே அத்தாட்சி செய்ததாக அதன்மேல் ஒரு கைநாட்டு, கையெழுத்துக் கட்டத்தில் ஒரு கைநாட்டு. இது வங்கி அதிகாரியின் கண் முன்னால் நடக்க வேண்டும், "என் முன்னிலையில் வைத்தார்" என்று அவர் சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆளையே பார்த்துவிட்டேன் என்று அதிகாரி சொல்வதுதான் இங்கே அடையாளச் சான்று, யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. ஆயுசு முழுக்கத் தொரட்டிக் கம்பு பிடித்த கை, பெருவிரலில் ரேகை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. மையில் தொட்டு வைத்தால் கரும்புள்ளி மாதிரி விழுகிறது. மேனேஜர் அம்மா சலித்துக்கொள்ளவில்லை. "ஐயா, துண்டுல நல்லா துடைச்சுட்டு, மெதுவா உருட்டி வைங்க" என்று மறுபடி வைக்கச் சொன்னார், ஓரளவு வரி தெரிந்தது. பான் கார்டு கேட்கவில்லை. முகவரிக்கு அண்ணன் வீட்டு விலாசத்தைச் சொன்னார், அப்படியே எழுதிக்கொண்டார்கள். (சிறையில் இருப்பவர்கூட இந்தக் கணக்கைத் திறக்கலாம், அங்கே சிறை அதிகாரி முன்னால் கைநாட்டு வைக்க வேண்டும். அதற்கே வழி இருக்கும்போது ஆடு மேய்ப்பவருக்குச் சிஸ்டம் எடுக்காதாம்.)

குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டியதில்லை. பாஸ்புக், ரூபே ஏடிஎம் கார்டு இரண்டும் இலவசம். மாதம் நாலு முறையாவது கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம், எத்தனை முறை போட்டாலும் காசு பிடிக்க மாட்டார்கள். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு மட்டும் வைத்திருக்கக் கூடாது. பாஸ்புக் என்ட்ரி மெஷின் வழக்கம்போல் 'பழுது' என்று அட்டை மாட்டிக்கொண்டு நின்றது, அதற்காக மார்க் குறைக்கவில்லை.

மார்க் குறைத்தது வரம்புகளுக்காக. கணக்கில் எந்த நேரத்திலும் 50,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு நிதியாண்டில் மொத்தமாக 1 லட்சத்துக்கு மேல் வரவு ஆகக் கூடாது. ஒரு மாதத்தில் எடுப்பதும் அனுப்புவதும் சேர்த்து 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அரசு உதவித்தொகை, மானியம் வந்தால் அதற்கு அந்த 50,000 இருப்பு வரம்பைப் பார்க்க மாட்டார்கள், சரி. வெளிநாட்டுப் பணம் வராது. மாதச் சம்பளக்காரர் கண்ணுக்கு இந்த எண்கள் போதுமானதாகத் தெரியலாம், கிடைக்காரர் வரும்படி அப்படி வருவதில்லை. மாதக்கணக்கில் சில்லறைக் கூலி, அப்புறம் ஒருநாள் வியாபாரி வந்து ஒரு ஈடாகக் கிடாக்களை ஓட்டிக்கொண்டு போவான், கையில் மொத்தமாகப் பணம். அதைப் போடும்போதே வருட வரம்பில் பாதி போய்விடும். போட்டதை அவசரத்துக்கு எடுக்கப் போனால் மாதத்துக்குப் பத்தாயிரம்தான். மகளுக்குக் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வந்தால் சொந்தப் பணத்தையே தவணையில்தான் வாங்க வேண்டும். இந்தப் பத்தாயிரம்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது.

கவுண்டரில் சொல்லாமல் விடுகிற முக்கியமான விஷயம் கெடு. இந்தக் கணக்கின் ஆயுள் 12 மாதம். அதற்குள் ஆதாரோ வாக்காளர் அட்டையோ ஏதாவது ஒன்றுக்கு விண்ணப்பித்ததற்கு அத்தாட்சி காட்டினால் இன்னும் 12 மாதம் நீட்டுவார்கள், அதோடு சரி. ஆகையால் கணக்குத் திறந்த கையோடு ஆதாருக்குப் பதிந்துவிடுங்கள். புதிதாகப் பதியக் கட்டணம் இல்லை, பதிந்ததும் ஒரு சீட்டுத் தருவார்கள், அதை ஜெராக்ஸ் எடுத்து வங்கியில் கொடுத்து, வாங்கிக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். பதினெட்டு வயது தாண்டியவர் புதிதாகப் பதிந்தால் மாநில அரசின் சரிபார்ப்பு உண்டு, மாதக்கணக்கில் இழுக்கும். ரேகை தேய்ந்திருந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். கண்ணின் கருவிழியையும் பதிகிறார்கள், ரேகை மட்டுமே கணக்கில்லை என்று சொல்லி நின்றுகொள்ளுங்கள்.

இது கிடைக்காரருக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை. 2018 கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் எத்தனை வீட்டில் கூரையோடு டிரங்குப் பெட்டியும் போனது. செங்கல் சூளைக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள், மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் பாட்டிகள், இவர்களுக்கெல்லாம் இது உதவும். மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண் என்றால் கவலை இன்னும் குறைவு, குழுவின் கணக்குக்கு எல்லா உறுப்பினரின் ஆவணமும் வேண்டாம், பொறுப்பாளர்களுடையது போதும். கையில் ஏதாவது ஒரு அட்டை இருப்பவர் மட்டும் இந்தப் பக்கமே வராதீர்கள், இந்த வரம்புகள் இல்லாத சாதாரண அடிப்படைக் கணக்கையே கேளுங்கள், அதிலும் இருப்பு வைக்கத் தேவையில்லை.

கிளையில் மறுத்தால் சண்டை போட வேண்டாம், வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448. போகிற நேரமும் முக்கியம். மாத முதல் வாரத்தில் பென்ஷன்காரர்கள் கூட்டம், நெல் கொள்முதல் பணம் ஏறுகிற சமயத்தில் உள்ளே நிற்கவே இடமிருக்காது. மாத நடுவில், மதியச் சாப்பாடு முடிந்து மேனேஜர் சீட்டில் உட்கார்ந்த பிறகு, கவுண்டரில் நிற்காமல் நேரே அவர் அறைக்கே போங்கள், போட்டோ இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.