துணி அப்படியே இருக்கிறது, தையல்தான் போய்விட்டது: பிமினி கூரையோடு சில வருடங்கள்

என் படகின் பிமினி கூரைக்கு, அதாவது குழாய்ச் சட்டத்தின் மேல் நிழலுக்காக விரிக்கும் மடக்குத் துணிக்கூரைக்கு, தையல் முழுவதையும் மறுபடி போட்டு முடித்த கையோடு இதை எழுதுகிறேன். புதிதாகப் படகு வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "உங்க கூரை நல்லா உழைக்குதே, அதையே நானும் வாங்கிடலாமா?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. துணிக்கு ஒரு மதிப்பெண், தையலுக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகத்தான் போட முடிகிறது.

மூன்று வளைவுச் சட்டம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், சன்ப்ரெல்லா ரக அக்ரிலிக் துணி, கருநீல நிறம். அளவெடுப்பது, பொருத்துவது எல்லாம் படகு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

முதலில் துணி. அதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். இந்த வகை அக்ரிலிக்கில் இழை உருவாகும்போதே சாயம் உள்ளே கலந்துவிடுகிறது. நெய்து முடித்தபின் மேலே ஏற்றும் சாயமில்லை. அதனால்தான் வருடக்கணக்காக வெயிலில் கிடந்தும் என் கூரையின் கருநீலம் வெளுக்கவில்லை. ஜிப் மறைத்திருந்த ஓரத்தைத் திறந்து, வெயில் பட்ட பகுதியோடு ஒட்டிப் பார்த்தேன். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவே இல்லை. துணி மூச்சுவிடும், அதனால் அடியில் வினைல் (பிளாஸ்டிக் பூசிய துணி) கூரை மாதிரிப் புழுங்காது. அடர் நிறம் வேண்டாம், சூடாகும் என்று பலர் சொல்வார்கள். சூடாவது உண்மைதான். ஆனால் தண்ணீரிலிருந்து மேலே எகிறும் வெளிச்சத்தை வெளிர் நிறத் துணியின் அடிப்பக்கம் திரும்ப நம் கண்ணிலேயே அடிக்கும். அடர் நிறம் அதை விழுங்கிவிடுகிறது. உச்சிவெயிலில் இந்தக் கூரைக்கடியில் உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. வாங்கும்போது நான் எதிர்பார்க்காத சுகம் இது.

இப்போது தையல். ஒருநாள் நடுக்கூரையின் இணைப்பில் நகத்தால் லேசாக நெருடியதும் மேல் நூல் பொடிந்து உதிர்ந்தது. அடிப்பக்க நூலை இழுத்துப் பார்த்தால் கம்பி மாதிரி நிற்கிறது. ஒரே தையல், ஒரே நாளில் போட்டது. வெயில் பார்த்த பக்கம் செத்துவிட்டது, நிழலில் இருந்த பக்கம் புதிது போல இருக்கிறது. மேல் நூல் போனால் அடி நூல் இருந்தும் பயனில்லை. அடுத்த பலத்த காற்றில் இணைப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திறந்துகொண்டே போகும்.

காரணம் எளிது. படகுத் துணியைப் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலில்தான் தைக்கிறார்கள். வலிமையான நூல்தான், ஆனால் புற ஊதாக் கதிர் அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். வருடம் முழுவதும் கடும் வெயிலில் விரித்தே கிடக்கும் கூரையில் ஐந்தாறு வருடத்தில் அது தளர்ந்துவிடும். துணியோ 10 வருட வாரண்டியோடு வருகிறது, பல நேரம் அதையும் தாண்டி நிற்கிறது. இந்த இடைவெளி தைப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். வாங்குபவருக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கூரையைத் தைத்துக் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினேன். துணிக்குத்தான் வாரண்டி, தையலுக்கு இல்லை என்று பதில் வந்தது. வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விற்கும்போது பெரிய எழுத்தில் போட்டது முழுக் கூரையின் பெயரையும் அதற்குப் பக்கத்தில் வருட எண்ணையும். நூல் இல்லாமல் துணி மட்டும் எப்படிக் கூரையாகும்? பத்து வருடம் என்று சொல்லி விற்கிற பொருளில், அதில் பாதியளவே தாங்கும் நூலைப் போடுவது நியாயமே இல்லை.

அதைவிட நல்ல நூல் இல்லாமலும் இல்லை. பிடிஎஃப்இ நூல், அதாவது தோசை ஒட்டாத தவாவில் பூசுகிறார்களே அதே பொருளில் செய்தது, டெனாரா என்ற பெயரில் கிடைக்கிறது. வெயில் அதை ஒன்றும் செய்யாது, உப்புத் தண்ணீரும் ப்ளீச்சும் ஒன்றும் செய்யா. விலை பாலியஸ்டரைவிடப் பல மடங்கு. ஆனால் மொத்தக் கூரையின் விலையில் நூலின் பங்கு சிறியது, துணியும் கூலியும்தான் பெரிய செலவு. தைப்பவர்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நூல் வழுக்கும். மிஷினில் இழுவிசையை மாற்ற வேண்டும், நிதானமாக ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் தையல் தாண்டித் தாண்டி விழும். முனைகளைக் கொஞ்சம் நீளமாகத் திரும்பத் தைத்து இறுக்காவிட்டால் உருவிக்கொள்ளும். இப்போது என் கூரையில் இருப்பது இந்த நூல்தான். தைத்தவர் முணுமுணுத்துக்கொண்டே தைத்தார், ஆனால் பிரமாதமாகத் தைத்தார்.

பாலியஸ்டர்தான் கிடைக்கும் என்றால் கனமான நூலாகக் கேளுங்கள். வெயில் வெளியிலிருந்து உள்நோக்கித்தான் அரிக்கிறது, தடிமன் கூடினால் ஆயுளும் கூடும். இணைப்பை எப்படி மடித்துத் தைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். இரண்டு வரிசைத் தையலும் வெளியே தெரிந்தால் இரண்டும் ஒன்றாகவே சாகும். முதல் வரிசையைத் துணி மடிப்புக்குள் மறைத்து, இரண்டாவதை மட்டும் மேலே போடும் முறை ஒன்று உண்டு. அதில் மேல் வரிசை போனாலும் உள் வரிசை கூரையைப் பிடித்து நிற்கும். என்னுடையதில் நடு இணைப்பு முதல் வகை, ஓரங்கள் இரண்டாவது வகை. எது முதலில் போனது என்று சொல்லத் தேவையில்லை.

மறுதையல் அக்ரிலிக்கில் தொல்லையில்லாத வேலை. ஊசி போட்ட ஓட்டையை நெசவு மெல்ல மூடிக்கொள்ளும். வினைல் பூசிய துணியில் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும், திரும்பத் திரும்பத் தைத்தால் அந்த வரியிலேயே கிழியும். வினைல் தண்ணீரை முழுசாக நிறுத்தும், அக்ரிலிக் ஓரளவு தடுக்கும், அவ்வளவுதான். மழைக்காகவே கூரை வேண்டும் என்பவர்கள் வினைலைப் பார்க்கலாம். எனக்கு நிழல் முக்கியம்.

தொய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொய்ந்த கூரை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்து தையலைத்தான் தின்னும். தொய்ந்த இடத்தில் மழைத் தண்ணீரும் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் சராசரி 5 செ.மீ. தேங்கினால் 50 கிலோ. அந்தக் கனம் முழுக்க இணைப்பில்தான் தொங்குகிறது. கூரையை முன்னும் பின்னும் இழுத்துக் கட்டும் பட்டை நைலானாக இருந்தால் நனைந்ததும் நீளும். இறுக்கமாக இருக்க வேண்டிய மழை நேரத்திலேயே கூரை தொய்ந்துவிடும். பாலியஸ்டர் பட்டை அப்படி நீளாது. மாற்றுவதற்குச் சின்னச் செலவுதான், என் கூரையில் செய்த மாற்றங்களில் உடனே பலன் தெரிந்தது இதில்தான்.

சுத்தம் செய்வது எளிது. காய்ந்த தூசியை முதலில் மென்மையான பிரஷால் தட்டிவிட வேண்டும், தண்ணீர் அதற்கப்புறம். வெதுவெதுப்பான தண்ணீர் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டாம், சோப்பு மிதமாக இருக்கட்டும். சோப்பு கொஞ்சமும் மிஞ்சாமல் அலச வேண்டும், மிஞ்சினால் துணி தண்ணீரைத் தள்ளாமல் குடிக்க ஆரம்பிக்கும். காற்றில்தான் காய வேண்டும், சூடு காட்டினால் அக்ரிலிக் சுருங்கும். பூஞ்சணம் அக்ரிலிக்கில் வளர்வதில்லை, அதன் மேல் படிந்த அழுக்கில்தான் வளர்கிறது. ஈரத்தோடு மடித்து உறைக்குள் தள்ளினால் கட்டாயம் வரும். வந்துவிட்டால் ப்ளீச் கலந்த சோப்புத் தண்ணீர் போடலாம், இந்தத் துணியின் நிறம் போகாது. ஆனால் பாலியஸ்டர் நூலுக்கு அது நல்லதில்லை. அதனால் கால் மணி நேரத்துக்குள் நன்றாக அலசிவிடுங்கள். வினைலிலும், மேலே சாயமேற்றிய மலிவுத் துணியிலும் ப்ளீச்சைத் தொடவே வேண்டாம்.

மேலே தெளித்த தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் பரவினால், மேல்பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். சுத்தமாக்கி, முழுசாகக் காயவைத்து, 303 ஃபேப்ரிக் கார்ட் மாதிரி, தண்ணீரைத் தள்ளும் ஸ்ப்ரே ஒன்றை அடித்தால் மறுபடி உருளும். அடித்துப் பார்த்திருக்கிறேன், நன்றாக வேலை செய்கிறது.

சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. உப்புத் தண்ணீரில் ஓடும் படகுக்கு உப்பை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டீல் எடுங்கள். அலுமினியக் குழாயில் ஸ்டீல் திருகு போட்டிருந்தால் அந்த இடத்தில் வெள்ளைப் பொடி கட்டுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள், அது அலுமினியம் அரிபடுவதன் அடையாளம். ஜிப் பிளாஸ்டிக் பல்லாக, அதை இழுக்கும் ஓட்டியும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

நண்பருக்குச் சொல்லும் பதில் இது. நான் பயன்படுத்திய படகுத் துணிகளில் இதுவே சிறந்தது, நிழலும் அருமை. இருந்தாலும் இந்தக் கூரையை இப்படியே வாங்காதீர்கள். தையல் பிரிந்து கிடந்த இணைப்பைப் பார்த்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை, அந்த நிறுவனத்துக்கு இன்னொரு விற்பனை என் வாயால் போக வேண்டாம். அதே துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, கைதேர்ந்த படகுத் தையல்காரரிடம் கொடுங்கள். எந்த நூல், எந்த வகை மடிப்பு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நூலின் பெயரை எழுத மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.