பன்றி இருமினால்: நுரையீரலைப் பார்ப்பதா, பி.சி.ஆர். எடுப்பதா?

கொட்டகையில் வறட்டு இருமல் நிற்கவில்லை என்றால், வெட்டிய பன்றியின் நுரையீரலில் புண் பார்ப்பதா, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை எடுப்பதா என்று வெண்பன்றி வளர்ப்போர் குழம்பும் இடம் இது.

செலவு
நுரையீரல்: வெட்டும் இடத்தில் கையுறையும் நோட்டும் போதும்.
பி.சி.ஆர்.: ஒவ்வொரு மாதிரிக்கும் பணம், ஐஸ் பெட்டி, அலைச்சல்.

என்ன தெரியும்
நுரையீரல்: புண் இருக்கும் இடமே பாதி சொல்லிவிடும். முன்பக்கக் கீழ்ப்பகுதி ஊதாவும் சாம்பலுமாக இறுகியிருந்தால் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா மேல் சந்தேகம். பின்பக்க மேல்பகுதியில் ரத்தம் கட்டிய கெட்டித் திட்டும், விலாவோடு ஒட்டிய நுரையீரல் உறையும் இருந்தால் ஆக்டினோபேசில்லஸ் என்ற இன்னொரு பாக்டீரியா மேல். நுரையீரலின் ஏழு மடல்களுக்கும் புண்ணின் அளவைப் பார்த்துத் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறை உண்டு, மொத்தம் 28. ஆனாலும் இது ஊகம்தான். இன்ஃபுளுவென்சா என்ற ஃப்ளூ வைரஸும் முன்பகுதியைத்தான் பிடிக்கும்.
பி.சி.ஆர்.: கிருமியின் பெயரையே சொல்லும். மூக்கில் துடைத்த மாதிரி மட்டும் போனால் மைக்கோபிளாஸ்மா நழுவிவிடலாம். மூச்சுக்குழாயில் எடுத்த மாதிரி அதைவிட நல்லது.

எப்போது
நுரையீரல்: தாமதம். சின்ன வயதில் வந்த புண் சில மாதங்களில் ஆறி, வெட்டும்போது சுத்தமாகத் தெரியலாம்.
பி.சி.ஆர்.: இன்றைய நிலை.

சரி, எது யாருக்கு? தடுப்பூசி பலன் தருகிறதா என்று தொகுதிக்குத் தொகுதி கணக்குப் பார்க்க நுரையீரலே போதும், என்னைக் கேட்டால் பலர் இதைச் செய்யாமலே மருந்துக்குச் செலவழிக்கிறார்கள். இருமலோடு காய்ச்சல், திடீர்ச் சாவு, கருச்சிதைவு என்று வந்தால் வெட்டும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். 2013-ல் மிசோரமில் உறுதியான பி.ஆர்.ஆர்.எஸ். (பன்றிகளுக்குக் கருச்சிதைவும் மூச்சுக் கோளாறும் தரும் நோய்) போன்ற வைரஸாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரை அழைத்து பி.சி.ஆர். எடுங்கள்.