குவாலியர் கோட்டையா, ஜோத்பூர் கோட்டையா?

வடக்கே போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நாள் குறைவு, ஒரு மலைக்கோட்டைதான் பார்க்க முடியும், எதைப் பார்க்கலாம்? மத்தியப் பிரதேசத்தின் குவாலியர், ராஜஸ்தான் ஜோத்பூரின் மெஹ்ரான்கர் இரண்டுமே ஊருக்கு மேலே பாறையில் உட்கார்ந்திருப்பவை. ஆனால் அனுபவம் நேர் எதிர். மெஹ்ரான்கரில் கோட்டையே உங்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போகும். குவாலியரில் நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

மெஹ்ரான்கரை 1459-ல் மன்னர் ராவ் ஜோதா கட்டத் தொடங்கினார். அதுவரை தலைநகர் பக்கத்தில் மண்டோரில் இருந்தது. மன்னர் குடும்பம் 1972-ல் அமைத்த அறக்கட்டளை இதை நடத்துகிறது, அதன் பலன் எங்கும் தெரிகிறது. ஆடியோ கைடு உண்டு, படியேற முடியாதவர்களுக்கு லிஃப்ட் உண்டு, நடக்க வேண்டிய வழி ஒரே கோடாக இருக்கிறது. சீட்டு விலை குவாலியரைவிடக் கூடுதல்தான், கொடுக்கலாம்.

பல்லக்குகள், யானை அம்பாரிகள், தொட்டில்கள் என்று அரண்மனைப் பொருட்கள் அந்தந்த அறைகளிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. பூல் மகாலில் தங்கப்பூச்சு கண்ணைப் பறிக்கும். 19-ஆம் நூற்றாண்டு மன்னர் தக்த் சிங்கின் அறையில் கூரையிலிருந்து கிறிஸ்துமஸ் கண்ணாடி உருண்டைகள் தொங்குகின்றன. அரச ரசனை எப்படியெல்லாம் போகும் பாருங்கள். லோகா போல் என்ற இரும்பு வாசலில் மட்டும் நடை தானாக நின்றுவிடும். உடன்கட்டை ஏறிய ராணிகளின் கைத்தடங்கள் சுவரில் வரிசையாக இருக்கின்றன, பலர் தொட்டுக் கும்பிடுகிறார்கள்.

காட்சி என்று பார்த்தால் போட்டியே இல்லை. மதிலோரம் நின்றால், 120 மீட்டருக்குக் கீழே பழைய ஊரின் நீல வீடுகள் விரிந்து கிடக்கும். குவாலியரிலிருந்து தெரிவது ஏதோ ஒரு வட இந்திய நகரம்: மொட்டைமாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், பனிக்காலத்தில் புகைமூட்டம்.

அப்படியானால் குவாலியருக்கு ஏன் போக வேண்டும்? அங்கே அடுக்குகள் அதிகம். மெஹ்ரான்கர் ஒரே வம்சத்தின் கதை. குவாலியரிலோ ஆயிரம் ஆண்டுக்கு மேல் வந்தவர் போனவர் எல்லோரும் எதையாவது விட்டுப் போயிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளமுள்ள மலை உச்சியில் அவை சிதறிக் கிடக்கின்றன.

மேலே போக இரண்டு வழி. மேற்கே உர்வாய் வாசல், இதில் வண்டி போகும். கிழக்கே குவாலியர் வாசல், இதில் ஏறி நடக்க வேண்டும். ஆட்டோக்காரர்கள் பெரும்பாலும் உர்வாய்க்கே கூட்டிப் போவார்கள். அந்த வழியில் பாறையைக் குடைந்து செதுக்கிய 15-ஆம் நூற்றாண்டு சமண தீர்த்தங்கரர் சிலைகள் நிற்கின்றன. மிகப் பெரியது 50 அடியைத் தாண்டும். 1528-ல் இங்கே வந்த பாபர், இவற்றை அழிக்கச் சொன்னதைத் தன் நினைவுக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். பல சிலைகளின் முகம் சிதைக்கப்பட்டது, பிற்பாடு சிலவற்றுக்குச் சமணர்கள் மீண்டும் முகம் வைத்தார்கள்.

ஆனால் கிழக்கு வழியில் நடந்தால்தான் சதுர்புஜர் கோயில் கிடைக்கும். ஒரே பாறையில் குடைந்த சின்னஞ்சிறு விஷ்ணு கோயில், கவனிக்காமலே தாண்டிவிடலாம். உள்ளே கி.பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று நந்தவனத்துக்கு விட்ட நிலத்தைச் சொல்கிறது: 270 முழம் நீளம், 187 முழம் அகலம், சாமிக்குத் தினமும் 50 மாலை. அந்த 270-லும் 50-லும் இருப்பவை, இன்று நாம் எழுதுவதுபோலவே வட்டமாகப் போட்ட, உலகின் மிகப் பழைய பூஜ்ஜியங்களில் சில. எனக்கு இந்தக் கோட்டையின் முதல் அதிசயம் இதுதான், அரண்மனை அப்புறம்தான்.

அரண்மனையும் சாதாரணமில்லை. குவாலியர் மன்னர் மான் சிங் தோமர் 1500-ஐ ஒட்டிக் கட்டிய மான் மந்திர் அரண்மனையின் வெளிச்சுவரில் நீல, மஞ்சள் ஓடுகளில் வாத்து, யானை, வாழைமரம் என்று ஒரே கொண்டாட்டம். கீழே நிலவறைக்கு இறங்கினால் கதை மாறிவிடும். முகலாயர் இந்தக் கோட்டையைச் சிறையாக வைத்திருந்தார்கள். சீக்கியரின் ஆறாவது குரு ஹர்கோவிந்தர் இக்கோட்டையில் சிறை இருந்தார், அவர் நினைவாக மேலே பெரிய குருத்வாரா உண்டு. ஔரங்கசீப் தன் தம்பி முராதை 1661-ல் கொன்றதும் இங்கேதான்.

தேலி கா மந்திர் என்ற பழைய கோயிலையும் விட்டுவிடாதீர்கள். உச்சி கூம்பாக இல்லாமல் வண்டிக்கூடு போல நீண்டு வளைந்திருக்கும். மாமல்லபுரத்து பீமரதத்தைப் பார்த்த கண்ணுக்கு இது உடனே பழக்கமாகிவிடும்.

குறை என்றால், குவாலியரில் ஒழுங்கு போதாது. பலகைகள் போதுமான விவரம் தருவதில்லை, ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு வெயிலில் நடக்க வேண்டும், நல்ல கைடு இல்லாவிட்டால் பாதி புரியாது. போகுமுன் கொஞ்சம் படித்துக்கொண்டு போவது நல்லது.

போக்குவரத்தில் குவாலியர் கை ஓங்குகிறது. சென்னையிலிருந்து டெல்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஜி.டி. எக்ஸ்பிரஸ் இரண்டும் அங்கே நிற்கும். ஆக்ரா சுமார் 120 கிலோமீட்டர்தான், தாஜ்மகால் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். ஜோத்பூர் என்றால் ராஜஸ்தானுக்கென்றே தனியாகத் திட்டம் போட வேண்டும்.

வயதான அப்பா அம்மாவோ சின்னப் பிள்ளைகளோ கூட வந்தால் யோசிக்காமல் ஜோத்பூர். முதல் கோட்டை அனுபவமாகவும் அதுதான் சரி. கோயில், கல்வெட்டு, சிற்பம் என்று அலைகிறவர் என்றால் குவாலியர், அதுவும் ஒரு முழு நாள். காலையில் கிழக்கு வாசலில் ஏறத் தொடங்கி மாலையில் உர்வாய் வழியாக இறங்கினால் பூஜ்ஜியம், சமணச் சிலைகள் இரண்டும் கிடைக்கும்.

ஜோத்பூருக்கே போகிறவர்கள் கோட்டையை ஒட்டியிருக்கும் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்காவுக்கும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாறை முழுக்க மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிவிட்டு, தார்ப் பாலைவனத்தின் சொந்தச் செடிகளை அங்கே வளர்த்திருக்கிறார்கள். ராமநாதபுரம், விருதுநகர்க்காரர்கள் எப்படிச் செய்தார்கள் என்று அவசியம் விசாரித்துவிட்டு வர வேண்டும்.