தாமிரத்துக்குப் பத்து நிமிடம், உடைக்க ஒரு ராத்திரி

எமல்ஷனை அதிவேகமாக அடித்துத் தயாரிக்கும் ஹோமோஜெனைசருக்கு பேரிங் மாற்றி நேற்றுதான் கொண்டுவந்தார்கள். அன்றே பழைய லேப் நண்பன் ஒருவன் கேட்டான்: "தாமிரக் கழிவுநீருக்கு எமல்ஷன் திரவச் சவ்வு சரிப்படுமா? மூன்று வருடமாக நீ அதிலேயேதானே கிடக்கிறாய்."

அமிலத்தைக் கெரசினில் பொடித் துளிகளாக அடித்து எமல்ஷனாக்கி, அதைக் கழிவுநீரில் கலக்குவதுதான் இந்த முறை; அமிலத்துக்கும் கழிவுநீருக்கும் நடுவில் நிற்கும் கெரசின் படலம்தான் சவ்வு. நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனம் வராது. நீலக் கரைசலில் எமல்ஷனை ஊற்றி நிமிடத்துக்கு 250 சுற்றில் கலக்கினால், கண்ணெதிரே நீலம் வெளுக்கும். பத்து நிமிடத்தில் ஏறக்குறைய வெறும் தண்ணீர். கெரசினில் கரைந்திருக்கும் லிக்ஸ் 84 என்ற வேதிப்பொருள் தாமிரத்தைப் பிடித்துப்போய் உள்ளே இருக்கும் சல்ஃப்யூரிக் அமிலத் துளியில் இறக்கிவிட்டு, பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியை வெளியே கொண்டுவரும். பிடிப்பதும் இறக்குவதும் ஒரே பாத்திரத்தில். பத்துப் பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு எமல்ஷன், அதில் பாதி அமிலம் என்றால் தாமிரம் இருபது மடங்கு செறிய வேண்டும்.

கணக்கு சரிதான், எமல்ஷனுக்குத்தான் அது தெரியாது. அது உப்பும். உள்ளே கனத்த அமிலம், வெளியே நீர்த்த கரைசல். சவ்வூடுபரவல் சும்மா இருக்குமா? போதாததற்கு, துளிகள் உடையாமல் இருக்கச் சேர்க்கும் ஸ்பான் 80 வேறு தண்ணீரைக் கையோடு கூட்டிக்கொண்டு உள்ளே போகும். 100 மில்லி ஊற்றியது ஒருநாள் 125 மில்லியாகத் திரும்பி வந்தது. உள்ளே 50 மில்லி இருந்த இடத்தில் 75. இருபது மடங்கு பதின்மூன்றாகிவிட்டது.

சரி என்று ஸ்பானைக் குறைத்தேன். துளிகள் உடைந்து அமிலம் வெளியே கசிந்தது, பிஎச் இறங்கியது, லிக்ஸ் தாமிரத்தைத் தொடவே மறுத்தது. மறுபடி 4 சதவீதத்துக்கே போனேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உடைப்பதுதான் வயிற்றெரிச்சல். தாமிரம் கைக்கு வர எமல்ஷன் உடைந்தாக வேண்டும். உப்பிய எமல்ஷனோ வெண்ணெய் மாதிரி கரண்டியில் அசையாமல் நிற்கும். சூடாக்கினேன், மேலே கொஞ்சம் கெரசின் தெளிந்தது, அவ்வளவுதான். சென்ட்ரிஃபியூஜில் போட்டேன்; நடுவில் கொழகொழவென்று ஒரு அடுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. உருப்படியாக வேலை செய்தது காப்பிட்ட மின்முனையும் உயர் மின்னழுத்தமும் மட்டும்தான். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, குடுவையின் அடியில் அடர்நீலம் மெல்ல இறங்கித் தேங்கும். அதைப் பார்க்கிற நேரத்தில் எல்லாக் கோபமும் போய்விடும். ஆனால் உப்பல் அதிகமான நாளில் அதுவும் நடக்காது, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவைத்துவிட்டு வர வேண்டியதுதான்.

நியாயமாகப் பார்த்தால் முறையைக் குறை சொல்ல முடியாது. வேதிப்பொறியாளர் நார்மன் லி இதற்குக் காப்புரிமை வாங்கியது 1968இல். ஆஸ்திரியாவின் லென்சிங் விஸ்கோஸ் இழை ஆலையில் 1980களில் கழிவுநீரிலிருந்து துத்தநாகம் எடுக்க இதைத் தொழில் அளவிலேயே ஓட்டினார்கள். அவர்களால் முடிந்திருக்கிறது.

நண்பனிடம் வேண்டாம் என்றேன். எமல்ஷன் இல்லாமல் கலக்கித் தெளியவிடும் மிக்சர்-செட்லரே போதும், நிம்மதியாகத் தூங்கலாம்.

அப்புறம் பேரிங் மாற்றிய மெஷினைச் சோதிக்க 8000 சுற்றில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். எமல்ஷன் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு நைசாக வந்திருக்கிறது. இதை உடைக்க இன்னும் கஷ்டம்.