புயலும் காரும்: எந்த இன்சூரன்ஸ் எதற்குப் பணம் தரும்?

2016 டிசம்பரில் வர்தா சென்னையைக் கடந்தபோது கார்களை நசுக்கியவை மரங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சேதம் முக்கால்வாசி தண்ணீரால்தான். பள்ளிக்கரணையில் நிறுத்தி வைத்த கார்களைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. இரண்டும் புயல்தான். ஆனால் மரம் விழுந்த காருக்குச் சாதாரண ஃபுல் இன்சூரன்ஸ் போதும். தண்ணீர் குடித்த காருக்குப் போதாது.

அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சட்டத்துக்கு அது போதும், உங்கள் காருக்கு ஒரு ரூபாய்கூட வராது. ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்குத் தேர்டு பார்ட்டியை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே போடுகிறார்கள். உங்கள் காரின் சேதத்துக்குப் பணம் தரும் ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருடத்தோடு முடிந்துவிடும். பாலிசியில் இன்னும் தேதி இருக்கிறதே என்று இரண்டாம் வருடம் சும்மா இருப்பவர், மழைக்காலத்தில் வெறும் தேர்டு பார்ட்டியோடு நிற்பார். ஓன் டேமேஜை மட்டும் தனியாக வாங்கலாம். விட்டுப்போயிருந்தால் வண்டியைப் பார்த்த பிறகே தருவார்கள் என்பதால், புயல் எச்சரிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள்.

தேர்டு பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேர்ந்ததுதான் ஃபுல் இன்சூரன்ஸ். அதில் புயல், வெள்ளம், ஆலங்கட்டி, நிலச்சரிவு எல்லாம் அடக்கம். பிடித்தம்தான் வலிக்கும். மூன்று வயதைத் தாண்டி நான்கு நிறையாத காரின் மேல் மரம் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடிக்குத் தேய்மானம், அதாவது பழசானதற்கான கழிவு, இல்லை. இரும்பு பானெட்டுக்கு 25 சதவீதம், பிளாஸ்டிக் பம்பருக்கு 50 சதவீதம் கழியும். இதற்கு மேல் கட்டாயப் பிடித்தம்: 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதைத் தாண்டினால் 2,000. ஜீரோ டெப், அதாவது பம்பர் டு பம்பர், என்ற ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் சேர்க்கை) இந்தத் தேய்மானக் கழிவைத்தான் நீக்குகிறது. கட்டாயப் பிடித்தம் அப்படியேதான் இருக்கும்.

பம்பர் டு பம்பர் என்ற பெயரைக் கேட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள்தான் வெள்ளத்தில் மாட்டுகிறார்கள். தண்ணீரில் ஊறிய சீட், கார்பெட், வயரிங் எல்லாவற்றுக்கும் பணம் கிடைக்கலாம். எஞ்சினுக்குக் கிடைக்காமல் போகலாம். காற்று உள்ளே போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். காற்றைப் போலத் தண்ணீரை அழுத்த முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் எஞ்சின் பிளாக்கே உடையும். இது வெள்ளம் நேரடியாகச் செய்ததல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததன் விளைவு என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எழுதுவார். பழுதுச் செலவு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம்.

இந்த ஓட்டையை அடைப்பது எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வீடு என்றால் ஜீரோ டெப்பை விட்டாலும் இதை விடாதீர்கள். நிபந்தனைகளைப் படித்துவிட்டு வாங்குங்கள்: தண்ணீர் புகுந்தது தெரிந்தும் மறுபடி ஸ்டார்ட் செய்தால் சில பாலிசிகள் இதிலும் கைவிரிக்கும். பழைய காருக்குப் பல நிறுவனங்கள் தருவதே இல்லை.

ஆகவே தண்ணீர் வடிந்ததும் சாவியைத் தொடாதீர்கள். புஷ் ஸ்டார்ட் பட்டனையும்தான். தண்ணீர் ஏறிய கறை தெரியும்படி நான்கு பக்கமும், உள்ளேயும் படம் எடுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்க்கும்வரை எதையும் பிரிக்க விடாதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் கியர்பாக்ஸும் போகும். வண்டியை முழுசாகத் தூக்கி வைக்கும் ஃப்ளாட்பெட் லாரியில்தான் ஏற்ற வேண்டும்.

பழுதுச் செலவு ஐடிவியில் (பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டம். ஷோரூம் விலை 10 லட்சமாக உள்ள கார் இரண்டு வயதைத் தாண்டியிருந்தால் ஐடிவி சுமார் 7 லட்சம், செலவு 5.25 லட்சத்தைத் தாண்டினால் பழுது பார்க்காமல் அந்த 7 லட்சத்தில் கணக்கை முடிப்பார்கள். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் ஆட்-ஆன் இருந்தால் வாங்கிய விலையே கிடைக்கும், பல பாலிசிகளில் சாலை வரியும் சேர்ந்து. கடனில் வாங்கிய புதுக் காருக்கு இது நல்லது. நான்கைந்து வருடம் ஓடிய காருக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

கிளை கீறிய சின்ன வேலைக்குக் கிளெய்ம் போடும் முன் நோ கிளெய்ம் போனஸைப் பாருங்கள். கிளெய்ம் போடாமல் ஐந்து வருடம் சேர்த்த 50 சதவீத பிரீமியத் தள்ளுபடி ஒரே கிளெய்மில் பூஜ்ஜியமாகிவிடும். ஐந்தாறாயிரம் ரூபாய் வேலையென்றால் கைக்காசில் முடிப்பதே லாபம்.